யெலெனிக்கில் தண்ணீர் நிற்கும் இடம்

சியாமளா தான் பார்த்தேயிராத ஊர்களைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரும். சில நாட்களில் அவளுக்கே வரும்.

மெட்ராஸில் பூகோளத்தில் எம்.ஏ. முடித்தவள். கணவன் சேதுராமனுக்கு ஸ்டுட்கார்ட்டில் ஆராய்ச்சி இடம் கிடைத்தபோது கூடவே வந்தாள். வந்த சில மாதங்களில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் அரைநாள் வேலை கிடைத்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து கூலி வேலைக்கு ஆட்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் எந்த ஊர்க்காரர்கள், அங்கே என்ன விளைகிறது, எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்றெல்லாம் தெரிந்துகொள்ள அலுவலகங்கள் ஆசைப்பட்டன. பதிப்பகம் குரோஷியாவில் லிக்கா என்னும் மலைநாட்டை எடுத்துக்கொண்டு, அங்குள்ள சிறு ஊராட்சிகளுக்கு ஊருக்கு ஒரு பக்கம் என்று ஒரு கையேடு தயாரித்தது.

அமைவிடம், நிலம், நீர், மக்கள், பயிர், கால்நடை, சாலை, பள்ளி, தேவாலயம். எல்லா ஊருக்கும் இதே தலைப்புகள், இதே வரிசை. சியாமளா மக்கள்தொகைக் கணக்குகளையும் வரைபடங்களையும் பழைய அறிக்கைகளையும் மேசை முழுக்கப் பரப்பிக்கொண்டு ஓர் ஊரை ஒரு பக்கத்துக்குள் அடக்குவாள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று இடங்களில் சரிபார்ப்பாள். மூன்றும் வேறுபட்டால் கவலைப்படுவாள். மூன்றும் ஒத்துப்போனால், ஒன்றைப் பார்த்து மற்ற இரண்டும் காப்பியடித்திருக்குமோ என்று அதற்கும் கவலைப்படுவாள்.

செவ்வாயும் வியாழனும் மாலையில் ஜெர்மன் வகுப்பு. ஒரு பள்ளிக்கூடத்தின் முதல் மாடியில், பகலில் சிறுவர்கள் உட்கார்ந்து போன குட்டை பெஞ்சுகளில், முழங்கால் இடிக்க உட்கார்ந்து பெரியவர்கள் பாடம் படித்தார்கள். துருக்கியர், கிரேக்கர், இத்தாலியர், யூகோஸ்லாவியர், ஒரே ஒரு தமிழச்சி. 1970ஆம் வருட வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை, டீச்சர் ஹௌக் அம்மாள் ஒவ்வொருவரையும் எழுந்து தன் ஊரைப் பற்றிப் பத்து வாக்கியம் சொல்லச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் யாகோடா என்ற குரோஷியப் பெண் எழுந்தாள். வெந்நீரில் சிவந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் ஊர் யெலெனிக். யெலெனிக் சின்ன ஊர். அங்கே ஒரு ஆறு இருக்கிறது. ஆறு பாறையில் ஒரு ஓட்டைக்குள் போய், அப்புறம் காணாமல் போகிறது. எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி. வீடு முடியவில்லை."

"இன்னும் நாலு வாக்கியம்" என்றார் டீச்சர்.

"வீடு முடியவில்லை. வீடு முடியவில்லை. வீடு முடியவில்லை. வீடு முடியவே முடியாது."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சியாமளாவுக்கு மட்டும் சிரிக்கத் தோன்றவில்லை. யெலெனிக்கின் பக்கம் அப்போது அவள் மேசையில் பாதியில் கிடந்தது.

வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய்ப் பிடித்தாள். இருவருக்கும் சொந்தமல்லாத ஜெர்மனில், சொற்கள் அகப்படாத இடத்தில் கைகளை ஆட்டி, பேச்சு நடந்தது.

"லிக்காவில் இருக்கிற யெலெனிக்கா?"

"வேற யெலெனிக் உலகத்துல இருக்கா என்ன?"

"நான் உன் ஊரைப் பத்தி எழுதறேன். புத்தகத்துக்கு."

யாகோடா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இந்தியாக்காரி. ஜெர்மன்காரனுக்காக யெலெனிக்கைப் பத்தி எழுதறே. உலகத்துல எல்லாரும் வேலை இல்லாம இருக்காங்கன்னு எங்க மாமனார் சொல்றது சரிதான்."

அன்றிலிருந்து டிராம் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தார்கள். யாகோடா சொல்வதில் கையேட்டுக்கு உதவுவது குறைவு. பயிர் என்ன என்றால் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று முடித்துவிடுவாள். எவன் வீட்டுக்கு எவ்வளவு பெரிய பால்கனி, எவன் மனைவி அதற்கு என்ன நிறத்தில் கம்பி அழி போட்டாள் என்பதைத்தான் நீட்டி முழக்கிச் சொல்வாள். ஊரில் பாதிப்பேர் ஜெர்மனியில் இருந்தார்கள். இருந்தாலும் ஊரில் புது வீடு முளைத்துக்கொண்டேயிருந்தது. ஆகஸ்டு விடுமுறையில் எல்லோரும் ஒரே சமயத்தில் போய் இறங்கி, நாலு வாரம் சிமெண்டைக் குழைத்துவிட்டு வருவார்களாம். ஒருவன் இரண்டு மாடி கட்டினால் மச்சினன் மூன்று மாடி கட்டுவான். மொட்டை மாடியில் அடுத்த மாடிக்கென்று விட்டுவைத்த இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும்.

"யார் இருக்கப்போறாங்க அதுல?" என்று கேட்டாள் சியாமளா.

"நாங்கதான். இன்னும் ரெண்டு வருஷத்துல திரும்பிடுவோம்."

"எப்பலேர்ந்து இப்படிச் சொல்றீங்க?"

"வந்த நாளிலேர்ந்து."

சியாமளாவும் சேதுராமனும் தங்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் அதே இரண்டு வருடத்தைத்தான் எழுதினார்கள்.

மே மாதம் பதிப்பகத்துக்கு ஒரு தடித்த உறை வந்தது. லிக்காவில் நீர்மின் நிலையத்துக்காக ஓர் அணை திட்டமிட்டிருந்தார்கள். அணை நிரம்பினால் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கும் என்ற விவரம் அதில் இருந்தது. பதிப்பாசிரியர் ஃப்ளைடரர் அதைச் சியாமளாவிடம் கொடுத்து, எந்தெந்த ஊராட்சிகளைத் தொடுகிறது என்று வரைந்து பார்க்கச் சொன்னார். அவள் அந்தப் பகுதியின் பழைய வரைபடத்தைப் பெரிதாக்கி, உயரக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே நீலப் பென்சிலை நகர்த்தினாள். கோடு மலையடிவாரத்தைச் சுற்றி வளைந்து, சாலையை இரண்டு இடங்களில் வெட்டி, யெலெனிக்குக்குள் நுழைந்தது. தேவாலயம் தண்ணீருக்குள் போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று. தேவாலயத்துக்கு மேலே, சரிவில், யாகோடா சொன்ன இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. கோடு அந்தப் புள்ளிக்குச் சற்று மேலே போயிற்று.

அழித்தாள். மறுபடி வரைந்தாள். அதே இடத்தில் போயிற்று. மூன்றாம் முறையும் வரைந்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். இதை எப்படிச் சொல்வது, யார் சொல்வது, சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று யோசித்து இரண்டு வகுப்புகளில் வாய் திறக்காமல் இருந்தாள். மூன்றாவது வகுப்பு முடிந்து டிராமுக்குக் காத்திருந்தபோது, பேச்சை எங்கெங்கோ சுற்றிக் கொண்டுவந்து, "உங்க ஊருல அணை வரப்போகுதுன்னு ஒரு பேச்சு இருக்கு" என்றாள்.

"பேச்சா?" என்றாள் யாகோடா. "போன வருஷமே அளக்கறவங்க வந்து வயல்ல குச்சி நட்டுட்டுப் போனாங்க. அத்தனையையும் பிடுங்கி பீன்ஸ் கொடிக்கு ஊனிட்டாங்க எங்க ஆளுங்க."

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாம என்ன. நாய்க்குக்கூடத் தெரியும்."

"தெரிஞ்சுமா கட்டறீங்க?"

ஒரு டிராம் வந்தது. யாகோடா ஏறாமல் அதைப் போகவிட்டாள்.

"யார் முதல்ல நிறுத்தறது?" என்றாள். "நிறுத்தினவனைப் பார்த்து என்ன சொல்வாங்க தெரியுமா? அணைக்குப் பயந்தான்னு சொல்ல மாட்டாங்க. ஜெர்மனிக்குப் போயும் தேறலைன்னு சொல்வாங்க. என் புருஷன் மிலே செத்தாலும் அந்தப் பேச்சைக் கேட்க மாட்டான். அதனால எல்லாரும் கட்டறாங்க. எல்லாரும் கட்டறதைப் பார்த்து, அணை வராதுன்னு எல்லாரும் நம்பறாங்க."

சியாமளா தான் வரைந்த நீலக் கோடு எங்கே போகிறது என்று சொன்னாள். அப்புறம் யாகோடா தன் மகள் நாடாவைப் பற்றிச் சொன்னாள். ஏழு வயது. ஊரில் மிலேயின் தங்கை வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். யாகோடாவும் மிலேயும் ஸ்டுட்கார்ட்டில் இருந்தது ஒரே ஓர் அறையில். ஓர் அறையில் இருப்பவர்களுக்குப் பிள்ளையைக் கொண்டுவர அனுமதி கிடையாது. கைஸ்பூர்க் பகுதியில் ஒரு விதவைக் கிழவி இரண்டு அறையும் சமையலறையும் உள்ள வீட்டை வாடகைக்கு விடப்போகிறாள். வெளிநாட்டுக்காரர்களுக்குத் தரச் சம்மதித்த ஒரே கிழவி அந்தத் தெருவிலேயே அவள்தான். ஜூலை முடியும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். முன்பணம் கட்டினால் செப்டம்பரில் நாடா ஸ்டுட்கார்ட்டில் பள்ளிக்கூடம் போகலாம். ஆனால் கையில் இருப்பதையெல்லாம் மிலே இந்த ஆகஸ்டில் கூரையில் போடப்போகிறான்.

"நான் சொன்னா அது பொம்பளைப் பேச்சு. பாதிரியார் சொன்னா, அவருக்குக் கோயில் போற கவலை. நீ வா. உன் படத்தைக் கொண்டுவா. புத்தகம் எழுதறவ சொன்னா அவன் கேட்பான். அவனுக்கு எழுத்துன்னா பயம்." அவள் சியாமளாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வீடு தண்ணிக்குள்ள போகும்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் வேண்டாம்."

சியாமளா தலையாட்டினாள்.

மறுநாள் ஃப்ளைடரரின் அறைக்குப் போய், அணை நிச்சயம் வருமா என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான், கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லுகிற பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

"அந்தத் திட்டத்தை இதுவரை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள், அம்மா. அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். அடியில் எங்கே பொந்து இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். தண்ணீரைக் கட்டினால் நிற்குமா, ஒழுகிப்போகுமா என்று அங்கே உள்ள என்ஜினீயர்களே சண்டை போடுகிறார்கள்."

"அப்படியானால் வராது என்கிறீர்களா?"

"வராது என்றும் நான் சொல்லவில்லையே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சியாமளா அவர்கள் அறைக்குப் போனாள். மிலே பெரிய உடம்புக்காரன். நகரத்தில் டிராம் சுரங்கம் தோண்டும் இடத்தில் கான்கிரீட் வேலை. அன்று வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, விருந்தாளிக்காகத் தயாராக இருந்தான். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த மேசையில் பிளம் சாராயமும், அதைக் குடிக்காதவளுக்கென்று எலுமிச்சை ரசமும் இருந்தன. அலமாரியின் மேல் கடைத்தாள் பிரிக்காத ஆண்கள் சட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன.

"கொத்தனாருங்களுக்கு" என்றான் மிலே, அவள் பார்ப்பதைப் பார்த்து. "கூரைச் சட்டம் ஏத்தற அன்னைக்கு சொந்தக்காரங்க எல்லாரும் சட்டை, துண்டு கொண்டுவந்து உத்தரத்துல கட்டுவாங்க. அப்புறம் கொத்தனாருங்க அதை எடுத்துக்குவாங்க. இவ இங்கேயே வாங்கிட்டா. ஜெர்மன் சட்டைன்னா அவனுங்க எனக்குச் சுவரை இன்னும் நேரா கட்டுவானுங்க."

"போன மாசம் வாங்கச் சொன்னான், வாங்கினேன்" என்றாள் யாகோடா, சியாமளாவுக்கு மட்டும் புரிகிற குரலில்.

சாராயத்தையும் கோப்பைகளையும் நகர்த்தி, வரைபடத்தை விரித்து, நாலு மூலைகளிலும் எதையாவது வைத்தார்கள். மிலே குனிந்து, தன் தடித்த விரலால் ஆற்றைத் தேடிக் கண்டுபிடித்தான். பிறகு தேவாலயம். பிறகு தன் வீடு. அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தான்.

"இந்த நீலக் கோடு என்ன?"

"தண்ணி நிக்கற கோடு."

அவன் விரலை எடுத்தான். புள்ளி கோட்டுக்குக் கீழே கிடந்தது. யாகோடா கோப்பை துடைத்த துணியோடு அவனுக்குப் பின்னால் நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தோள்கள் சட்டைக்குள் தளர்ந்ததைச் சியாமளா பார்த்தாள். இன்னும் ஒரு சொல் போதும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஆகஸ்டையும் கொத்தனாரையும் மறந்துவிட்டு, கைஸ்பூர்க் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான் போலிருந்தது.

"ஃபிராவ் சியாமளா" என்றான், ஜெர்மன் மரியாதைப்படி, மெதுவாக. "இது நிச்சயமா?"

எதிரே யாகோடாவின் கண்கள். 'ஆமாம்' என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். சியாமளா வாயைத் திறந்தாள். நிச்சயம் என்ற சொல்லுக்கு முன்னால், அவள் படித்த படிப்பு முழுவதும் வந்து குறுக்கே நின்றது.

"இந்தப் படம் பழசு" என்றாள். "பெரிசாக்கி வரைஞ்சது. பென்சில் கோட்டோட அகலமே நிலத்துல சில மீட்டர் வரும். அதனால நாலு மீட்டர் மேலயோ கீழயோ இருக்கலாம்."

மிலே நிமிர்ந்தான். "நாலு மீட்டர்."

"சுமாரா. அப்புறம், திட்டத்தையும் ரெண்டு தடவை மாத்தியிருக்காங்க."

"மாத்தியிருக்காங்க" என்றான் மிலே.

நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் பாதி உண்மை சொல்வது பொய் சொல்வதுபோல அவளுக்குத் தோன்றியதால் மிச்சத்தையும் சொன்னாள். "அடியில சுண்ணாம்புக்கல். பொந்து இருந்தா தண்ணி நிக்காமலேயும் போகலாம். அங்க என்ஜினீயர்களே ஒத்துப்போகலை."

அவள் சொல்லச் சொல்ல மிலேயின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. யாகோடா கையிலிருந்த துணியைக் கட்டிலின் மேல் போட்டாள். போட்ட விதத்தில் எல்லாம் இருந்தது.

"கேட்டியா?" என்றான் மிலே மனைவியிடம். "எழுதறவங்களே சொல்றாங்க. நாலு மீட்டர் கீழன்னா என் வாசப்படி நனையாது."

"மேலன்னா?" என்றாள் யாகோடா.

"மேலன்னா முதல் மாடி வரைக்கும் வரும்." கோப்பையை நிரப்பினான். "அதுக்குத்தானே ரெண்டாவதுக்கு மேல மூணாவது போடறேன். மேல உக்காந்து ஜன்னல் வழியா மீன் பிடிக்கலாம்."

வேடிக்கைக்குத்தான் சொன்னான். மூன்றாவது கோப்பைக்கு அப்புறம் அது வேடிக்கை என்பதை மறந்துவிட்டு, மூன்றாவது மாடிக்கு எவ்வளவு செங்கல் பிடிக்கும் என்று வரைபடத்தின் ஓரத்திலேயே விரலால் கணக்குப் போட்டான். போகும்போது வாசல்வரை வந்து சியாமளாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னான். யாகோடா வாசலுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சேதுராமனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் காபி ஆறிப்போகும்வரை கேட்டான்.

"அந்தப் பொண்ணு உன்னை எதுக்குக் கூப்பிட்டா?" என்றான்.

"மேப்பைக் காட்டத்தான்."

"மேப்பை அவளே மாட்டியிருப்பா சுவத்துல. ஒரு எஸ் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டா. நீ என்னடான்னா வைவாவுல எக்ஸாமினர் முன்னாடி உக்காந்த மாதிரி மார்ஜின் ஆஃப் எரர்லாம் சொல்லிட்டு வந்திருக்கே."

"தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நீ எனக்குச் சரின்னு சொன்னியே, அப்ப என்ன டேட்டா இருந்தது உன்கிட்ட?"

"அப்பவும் ரெண்டு மாசம் யோசிச்சேன்" என்றாள் சியாமளா. அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிறிது நேரம் கழித்து அவனே, "இன்னும் ஜூலை முடியலை. போய் நேர்ல சொல்லேன்" என்றான்.

போனாள். சுரங்கம் தோண்டும் பள்ளத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை நிழலில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேலை கட்டிய பெண் வருவதைப் பார்த்து ஒருவன் ஏதோ சொல்ல, கொட்டகையே சிரித்தது. மிலே அவனை ஓர் அதட்டு அதட்டிவிட்டு ரொட்டியைக் கையில் வைத்தபடியே எழுந்து வந்தான். பள்ளத்துக்குள் இயந்திரம் ஓயாமல் இடித்துக்கொண்டிருந்ததால் அவள் கத்தவேண்டியிருந்தது.

"மறுபடியும் பார்த்துட்டேன். உங்க வீடு தண்ணிக்குள்ளதான் போகுது. நிச்சயம்."

மிலே அவளைக் கருணையோடு பார்த்தான். அந்தக் கருணையைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

"புதுசா படம் வந்துச்சா?"

"இல்லை. அதே படம்."

"அப்ப அன்னைக்குச் சொன்னது நீங்க" என்றான். "இன்னைக்குச் சொல்றது யாகோடா."

"யாகோடா என்கிட்ட பேசியே நாளாச்சு."

"என்கிட்டயும்தான்." ரொட்டியை ஒரு கடி கடித்து மென்றான். "ஃபிராவ் சியாமளா, உங்களுக்குக் கோபம் வேண்டாம். நான் இந்தப் பள்ளத்துல இறங்கறப்ப எல்லாம் மேல இருக்கிற அந்த வீட்டை நெனச்சுக்கிட்டுத்தான் இறங்கறேன். அது தண்ணிக்குள்ளன்னா நான் இங்க எதுக்கு இறங்கறது? சொல்லுங்க."

சங்கு ஊதியது. மிலே ரொட்டியின் மிச்சத்தைத் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஏணியில் இறங்கினான்.

ஆகஸ்டில் அவர்கள் ஊருக்குப் போனார்கள். கைஸ்பூர்க் கிழவி ஜூலைக்குப் பிறகும் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டை ஒரு கிரேக்கக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாள். செப்டம்பரில் வகுப்புகள் மறுபடி தொடங்கியபோது யாகோடா வந்தாள். சியாமளாவின் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். பையிலிருந்து துணியில் சுற்றிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஒன்றை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினாள். கோபம் இருந்த இடத்தில் இப்போது களைப்பு இருந்தது.

"கூரை ஏறிடுச்சா?" என்று கேட்டாள் சியாமளா, கேட்காமல் இருக்கமுடியாமல்.

"ஏறிடுச்சு. சட்டை எல்லாம் உத்தரத்துல காத்துல ஆடிச்சு. ஊரே வந்தது. மூணு மாடி. பாதிரியார் மந்திரிச்சார். மிலே அழுதான்."

"நீ?"

"நானும் அழுதேன். ஆளுக்கொரு காரணம்."

அந்த மாதம் சியாமளா யெலெனிக்கின் பக்கத்தை முடித்தாள். 'நீர்' என்ற தலைப்பின் கீழ், ஊராட்சியின் தாழ்ந்த பகுதி திட்டமிடப்பட்ட அணையின் நீருக்குள் போகக்கூடும் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். ஃப்ளைடரர் அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "நாம் இருப்பதை எழுதுகிறோம், அம்மா. வரப்போவதை எழுத ஆரம்பித்தால் புத்தகம் முடியாது" என்றார். 'மக்கள்' என்ற தலைப்பின் கீழ் அவள் எழுதியதை மட்டும் பாராட்டினார். அங்கே, கடந்த சில வருடங்களில் புதிய மாடி வீடுகள் பெருகியுள்ளன, கட்டட வேலை மும்முரமாக நடக்கிறது என்று எழுதியிருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. படிக்கிறவர்கள் வளரும் ஊர் என்று நினைப்பார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வாதாட ஒரு வார்த்தை தேடினாள். ஃப்ளைடரர் அடுத்த ஊராட்சியை எடுத்துவிட்டார்.

அக்டோபர் தொடக்கத்தில் யாகோடா வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. சியாமளா அவர்கள் அறைக்குப் போனபோது கட்டிலின் மேல் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன.

"மிலேயோட தங்கைக்கு சிண்டெல்ஃபிங்கன்ல வேலை கிடைச்சிருக்கு, கார் தொழிற்சாலையில" என்றாள் யாகோடா, துணிகளை மடித்துக்கொண்டே. "அவ வர்றா. நாடாவைப் பார்த்துக்க ஆளில்லை. இங்க கூட்டிவர இடமில்லை. நான் போறேன்."

"எங்கே?"

"எங்கேன்னா? என் வீட்டுக்கு. மூணு மாடி இருக்கே."

"வேற இடம் பார்க்கலாம், யாகோடா. நான் விசாரிக்கறேன். எங்க வீட்டுக்காரரோட ப்ரொஃபசர்கிட்ட…"

"ஜூன் மாசமே நீ அதெல்லாம் கேட்டிருப்பே" என்றாள் யாகோடா. "நல்லவதான் நீ. யாரும் தரலை. எனக்குத் தெரியும்."

உண்மைதான். சியாமளா கேட்டிருந்தாள். வெளிநாட்டுக்காரர், பிள்ளை வேறு என்றதும் கதவுகள் மரியாதையாகச் சாத்திக்கொண்டன.

ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில் தெற்கே போகும் வண்டி நின்றுகொண்டிருந்தது. நடைமேடை முழுக்கக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், தையல் மிஷின், குழந்தை சைக்கிள், ஒருவன் தோளில் வாஷ்பேசின். மிலே பெட்டிகளை ஜன்னல் வழியாக ஏற்றிவிட்டு, மனைவியின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டான். "கூரைக்கு ஓடு போட்டதும் நானும் வந்துடறேன்" என்றான். "இன்னும் ரெண்டு வருஷம்." வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சியாமளாவிடம் தலையசைத்துவிட்டு, கூட்டத்தில் கலந்து படியிறங்கிப் போனான்.

யாகோடா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே குனிந்தாள். சியாமளா அண்ணாந்து நின்றாள். சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்த மன்னிப்பு, ஜெர்மனில் சொன்னால் அலுவலகக் கடிதம் மாதிரி இருந்தது. தமிழில் சொன்னால் அவளுக்குப் புரியாது.

"ஒண்ணு கேட்கறேன்" என்றாள் யாகோடா. "தெரிஞ்சா சொல்லு. தண்ணி வந்தா எப்படி வரும்? ராத்திரில தூங்கும்போது திடீர்னு வருமா?"

"இல்லை" என்றாள் சியாமளா. "அணையை மூடினதும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். முதல்ல ஆத்தோரம். அப்புறம் வயல். அப்புறம் சாலை. மாசக்கணக்கா ஆகும். கண்ணாலேயே பார்க்கலாம்."

"பிள்ளையைக் கூட்டிட்டு வெளிய வர நேரம் இருக்குமா?"

"இருக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

யாகோடா அவளை ஒரு கணம் பார்த்தாள். "அது போதும்" என்றாள். வண்டி நகர ஆரம்பித்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பெட்டிகளை மேலே தூக்கி வைக்க யாரையாவது உதவிக்குக் கூப்பிடுவதற்காக உள்ளே திரும்பினாள்.